தாழைக்குள் எத்தனை தாழை: கரையில் கிடைக்கும் கடற்புல்லை அடையாளம் கண்டு பதிவு செய்யும் முறை

என் அம்மா பாசி எடுப்பவர். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். நான் தாவரவியல் படித்து, இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒருநாள் இரண்டு பையில் கடற்புல்லோடு வீட்டுக்கு வந்தேன். ஒன்று வடகடலில், அதாவது பாக் நீரிணையில் எடுத்தது, இன்னொன்று தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில் எடுத்தது. "ரெண்டும் ஒண்ணுதாம்மா, ஹாலோஃபிலா ஓவாலிஸ்" என்றேன். அம்மா இரண்டையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "ஒண்ணு எப்படித்தா ஆகும்? தென்கடல் எலை கைக்குத் தடிப்பாத் தெரியுது. இது தொட்டாலே கிழியுது" என்றார். புத்தகத்தில் ஒரே பெயர் போட்டிருக்கிறதே என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தச் செடிகளைக் காயவைத்து வைக்கவும் இல்லை. அம்மா சொன்னது சரியா தவறா என்று சோதிக்க இன்று என்னிடம் ஓர் இலைகூட இல்லை. அந்த வருத்தத்தில்தான் கரையோரத்துப் பிள்ளைகளுக்கும் ஆர்வமுள்ள எவருக்கும் இதை எழுதுகிறேன். பெயரைக் கடைசியில் எழுதலாம், அழித்து மாற்றவும் செய்யலாம். செடியையும் அதன் விவரத்தையும் முதலில் காப்பாற்றி வையுங்கள்.

பாசி வேறு, தாழை வேறு

எங்கள் ஊரில் கடற்புல்லைத் தாழை என்போம். இலக்கியத்தில் வரும் தாழை கரையில் நிற்கும் முள் மரம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாசிக்கு உண்மையான வேரும் இல்லை, பூவும் இல்லை. தாழைக்கு மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டு, வேர், இலை நரம்பு, பூ, காய் எல்லாம் உண்டு. நிலத்துப் பூச்செடிகளின் வழியில் வந்து கடலுக்குள் குடியேறியவை இவை. ஆவுளியா என்று நாம் சொல்லும் கடல்பசு மேய்வது இந்தப் புல்வெளியில்தான். அதிலும் ஹாலோஃபிலா, ஹாலோடூல் போன்ற மெல்லிய புற்களே அதற்கு மிகவும் பிடித்தவை.

உலகம் முழுக்க எண்ணினாலும் கடற்புல் இனங்கள் 72 அளவில்தான் வரும். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் சேர்ந்த நம் பகுதிக்கு 14 என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்டால் குறைவாகத் தோன்றும். ஆனால் இந்த எண்ணிக்கை ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். தண்ணீருக்குள் வாழும் செடிக்குத் தாங்குவதற்கான தண்டு வேண்டாம், வாசனை வேண்டாம், வண்ண இதழ் வேண்டாம். அதனால் வெவ்வேறு இனங்கள்கூடப் பார்வைக்கு ஒன்றாகிவிடுகின்றன. அதே நேரம், ஒரே இனம் ஆழம், வெளிச்சம், மண் இவற்றைப் பொறுத்து நாலு விதமாக இலை விடும். இரண்டு பக்கமும் ஏமாற வாய்ப்பு உண்டு.

ஏமாந்த கதைக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1980இல் ஹாலோஃபிலா ஜான்சோனி என்று ஒரு புல்லைத் தனி இனமாக விவரித்தார்கள். 1998இல் அந்நாட்டின் அழியும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புப் பெற்ற முதல் கடல்தாவரம் அது. அதில் ஆண் பூவை ஒருவருமே பார்த்ததில்லை, பெண் பூ மட்டும்தான். 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அது தனி இனமே இல்லை, இந்தோ-பசிபிக் கடல்களில் வாழும் ஹாலோஃபிலா ஓவாலிஸ்தான் என்று காட்டியது. 2022இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதாவது நம் கரையில் காலில் மிதிபடும் புல்லின் உறவுதான் அங்கே வேறு பெயரோடு இருந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நம் கடலில் நிறையக் கிடைக்கும் சிமோடோசியா செருலாட்டா, தன் பேரினத்தின் மற்ற இனங்களோடு ஒட்டாமல் விலகி நிற்பதை டிஎன்ஏ காட்டியது. 2018இல் அதற்கு ஓசியானா என்று புதிய பேரினமே வைத்தார்கள். நம்முடைய ஹாலோஃபிலா ஓவாலிஸிலும் 1990இல் இந்தியக் கிழக்குக் கரைச் செடிகளைக் கொண்டு ராமமூர்த்தியானா என்ற துணையினத்தை விவரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கரையின் ஹாலோஃபிலாக்களுடைய மரபணுக் கைரேகையை ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அந்தக் கூட்டத்தை இன்னும் பிரித்துச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எப்போது, எங்கே

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், வடகடல் தெளிந்திருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். தேவிபட்டினம், தொண்டி, மண்டபத்தின் வடகரைக்குக் கச்சான் காலம் நல்லது. புதுமடம், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் போக மாசி, பங்குனி எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும். ஆனால் நம் கடலில் வற்றுவதும் ஏறுவதும் குறைவு என்பதால், அன்றைய காற்றையும் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். முதல்நாள் ராத்திரி யாராவது மீன்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கவோ எதையும் எடுக்கவோ கூடாது. தேவையும் இல்லை. உயிருள்ள நல்ல செடிகள் எனக்குக் கிடைப்பதில் முக்கால்வாசி நண்டு வலையிலிருந்துதான். காலையில் வலை கழிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால், குப்பையென்று உதறிப் போடுவதில் கிழங்குத்தண்டோடு சேர்ந்த தாழை வரும். என் மாமா வலை கழிக்கும்போது எனக்கென்று ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துவிடுவார். எந்த ஆழத்தில், எந்தத் திசையில் வலை போட்டார் என்று அவரிடம் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் கேட்டால் அன்றைய விலையும் வேலையும் அதை மறக்கடித்துவிடும்.

நீரில் இறங்குவதாக இருந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மண்ணில் தேய்த்தபடி நடக்க வேண்டும். தாழைக்குள் திருக்கை படுத்திருக்கும்.

இலையை வாசிப்பது

தேவையான சாமான் அதிகமில்லை: ஒரு வெள்ளைத் தட்டு, அடிக்குச்சி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, பென்சில், கைபேசி. பேனா வேண்டாம். முதல் வருடம் பால்பாயிண்ட் பேனாவால் சீட்டு எழுதி ஈரப் பையில் போட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் 11 சீட்டில் ஏழு வெறும் நீலக் கறையாகிவிட்டது. பென்சில் எழுத்து கடல்நீரிலும் நிற்கும்.

முதலில் பெரும்பிரிவு. உருண்டையாக, வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்கும் இலை என்றால் சிரிங்கோடியம். கை நீளத்துக்கு வார்ப்பட்டை மாதிரி இலை, அடியில் கறுத்த விறைப்பான நார்மயிர் என்றால் எனாலஸ். இதன் ஆண் பூக்கள் செடியை விட்டுக் கழன்று நீர்மட்டத்தில் வெள்ளைப் பொரி போல மிதக்கும். ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி. இலை லேசாக அரிவாள் போல வளைந்து, அதில் கருஞ்சிவப்புக் கீற்றுகள் இருந்தால் தலாசியா. நுனி வழவழப்பாக வளைந்து, இலை உதிர்ந்த தழும்பு தண்டை முழு வளையமாகச் சுற்றியிருந்தால் சிமோடோசியா ரொட்டுண்டாட்டா. நுனியில் பற்கள் இருந்து, தழும்பு முழுதாகச் சுற்றாமல் நின்றால் மேலே சொன்ன செருலாட்டா. இவற்றில் குழப்பம் அதிகம் வராது.

குழப்பமெல்லாம் இரண்டு கூட்டங்களில்தான், அங்கேதான் நேரம் கொடுக்க வேண்டும்.

ஒன்று, ஹாலோஃபிலா. சின்னக் கரண்டி போல, காம்போடு ஜோடி ஜோடியாக நிற்கும் இலை. இதில் ஓர் இலையை எடுத்து ஒட்டியிருக்கும் அழுக்கை விரலால் மெதுவாக வழித்துவிட்டு, கைபேசி டார்ச்சின் மேல் வையுங்கள். இலை கண்ணாடி போலத் தெரியும். நடுநரம்பிலிருந்து ஓரத்துக்குப் போகும் குறுக்கு நரம்புகளை ஒரு பக்கம் மட்டும் எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே நின்று, இலையும் மிகச் சிறிதாக இருந்தால் மைனர் என்ற வகையை நினைக்கலாம். பத்து, இருபது என்று போனால் ஓவாலிஸ் பக்கம். ஓரத்தை விரலால் தடவினால் நுண்ணிய பல் தெரிகிறதா, இலை மேல் மயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் டெசிபியன்ஸ். இலை நீளமாக, ஓரத்தில் பல்லோடு, காம்பின் அடியில் பெரிய செதிலோடு இருந்தால் ஸ்டிபுலேசியா. அலையாத்தி ஓரத்துச் சேற்றில், ஒரு சின்னத் தண்டின் உச்சியில் ஐந்தாறு இலை பூப்போல விரிந்து, குறுக்கு நரம்பே இல்லாமல் இருந்தால் பெக்காரி. இது உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கும் இனம். அதைப் பிடுங்க வேண்டாம், படம் போதும்.

நரம்பை ஓர் இலையில் எண்ணிவிட்டு நிறுத்தக் கூடாது. ஒரே கொடியில் பத்து இலையாவது பாருங்கள். கொடியின் நுனியிலிருந்து எப்போதும் இரண்டாவது ஜோடியையே எடுங்கள். முற்றிய இலையையும் இளம் இலையையும் ஒப்பிட்டால் எந்த இனமும் இரண்டு இனமாகத் தெரியும். நீளம், அகலம், நரம்பு எண்ணிக்கை, ஓர நரம்புக்கும் இலை விளிம்புக்கும் இடையிலான தூரம் என்று நாலு எண்ணையும் நோட்டில் ஏற்றுங்கள். கடைசி எண்ணுக்குக் கைக்கண்ணாடி வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் ஓவாலிஸ் கூட்டத்தைப் பிரிப்பவர்கள் முதலில் கேட்பதே இந்த எண்களைத்தான்.

இரண்டாவது கூட்டம் ஹாலோடூல். புல் போலவே மெல்லிய நாடா. அடையாளம் இலையின் நுனியில்தான் இருக்கிறது: மூன்று பல், அதில் ஓரத்து இரண்டும் நீண்டிருந்தால் யூனிநெர்விஸ். நுனி வளைந்து பொடிப்பொடியாக அரிந்தது போல இருந்தால் பைனிஃபோலியா. புத்தகம் இப்படித்தான் சொல்லும். தேவிபட்டினத்துக் கரையில் ஒரே கிழங்குத்தண்டில் இரண்டுக்கும் இடைப்பட்ட நுனிகளை நான் பார்த்திருக்கிறேன். மீன் கடித்த நுனியை எண்ணிவிடாமல், உள்ளே உறைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் புது இலையைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கலப்பு என்ற சந்தேகம் எப்போது வர வேண்டும்

ஹாலோடூலில் இனக்கலப்பு நடந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருடமே, உப்பங்கழிகளில் வளரும் ரூப்பியா என்ற செடியில் கலப்பும் குரோமோசோம் பெருக்கமும் இருப்பதைக் கண்டிருந்தார்கள். வழி எளிமையானது. செடியில் டிஎன்ஏ இருக்கும் இடங்களில் இரண்டை மட்டும் இங்கே பார்த்தால் போதும். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்துக்குள் இருப்பது பெரும்பாலும் தாய்வழி மட்டும் வருவது. உட்கருவில் இருப்பது தாய், தந்தை இரு வழியிலும் வருவது. பசுங்கணிகம் "நான் இந்த இனம்" என்று சொல்ல, உட்கரு "எனக்குள் இரண்டு இனத்தின் எழுத்தும் இருக்கிறது" என்று சொன்னால், அங்கே கலப்பு நடந்திருக்கிறது. ஒரு மரபணுவை மட்டும் படித்துவிட்டுப் பெயர் சொன்னால் கலப்புச் செடி தாயின் பெயரிலேயே மறைந்துவிடும்.

நிலத்தில் கலப்புச் செடி பல நேரம் மலடாகி ஒரு தலைமுறையில் முடிந்துவிடும். தண்ணீரில் அப்படியில்லை. கிழங்குத்தண்டு உடைந்தால் உடைந்த துண்டு வேர்விடும், அலை அதை எடுத்துக்கொண்டு போகும். விதையே வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் பொசிடோனியா ஆஸ்ட்ராலிஸ் புல்வெளியை ஆராய்ந்தவர்கள், 180 கிலோமீட்டர் தூரத்துக்கு இருப்பது ஒரே செடி என்று 2022இல் எழுதினார்கள். வயது குறைந்தது 4500 ஆண்டு. அதன் குரோமோசோம் எண்ணிக்கை அதே இனத்தின் மற்ற செடிகளைப்போல இரண்டு மடங்கு. ஒரு முளை, விதையின் உதவியின்றிப் பரவியே அத்தனை காலம் வாழ்ந்துவிட்டது.

ஆகவே களத்தில் நாம் கவனிக்க வேண்டியது இவைதான். இலை இரண்டு இனத்துக்கும் இடைப்பட்ட தோற்றத்தில் இருக்கிறதா? அந்த இரண்டு இனமும் பக்கத்திலேயே வளர்கின்றனவா? மற்றவை காய்க்கும் காலத்தில் இது மட்டும் காய்க்காமல் நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நோட்டில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். கலப்பு என்று எழுத வேண்டாம். அதைச் சொல்ல ஆய்வகம் வேண்டும்.

பூத்த செடி கிடைத்தால் பள்ளி ஆய்வகத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். மகரந்தத்தை அசிட்டோகார்மைன் சாயத்தில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். நல்ல மகரந்தம் சிவந்து திரண்டிருக்கும், மலட்டு மகரந்தம் நிறம் பிடிக்காமல் சுருங்கியிருக்கும். கடற்புல்லில் பூ கிடைப்பது அரிது. அதனால் பிள்ளைகளுக்கு முதலில் கண்மாய் அல்லியில் பழக்கிவிடுகிறேன். கை பழகினால் அப்புறம் கடல் பூவை வீணாக்க மாட்டார்கள்.

தொட்டியில் வைத்துப் பார்ப்பது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, செலவும் குறைவு. இரண்டு இடத்துச் செடி வெவ்வேறாகத் தெரிந்தால், அது பிறவிக் குணமா, இடத்தின் குணமா என்று அறிய இரண்டையும் ஒரே வீட்டில் வளர்க்க வேண்டும். நண்டு வலையில் வந்த கொடிகளையே பயன்படுத்துங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நாலு விரல்கடை உயரத்துக்குக் கடல்மணல், மேலே ஒரு முழம் கடல்நீர், நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பு. இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல். மேலே பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள், நம் ஊர் வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும். குறைகிற நீருக்குப் பதில் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கடல்நீரையே ஊற்றினால் உப்பு ஏறி இலை கறுத்துவிடும். என் முதல் தொட்டி இப்படித்தான் மூன்றாம் வாரம் போனது.

ஹாலோஃபிலா வேகமாக வளரும். இரண்டு மாதத்தில், தொட்டியில் பிறந்த இலைகளை மட்டும் அளந்து பாருங்கள். அம்மா சொன்ன தடிப்பை இப்படிச் சோதித்தபோது, தென்கடல் இலைகள் தொட்டியில் மெலிந்து, வடகடல் இலைகளின் அளவுக்கே வந்துவிட்டன. சரி, அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி கடலின் குணம் என்று எழுதிக்கொண்டேன். அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இது நீ வளத்த எலை. நான் அன்னைக்குத் தொட்ட எலை இது இல்ல" என்றார். அவர் சொல்வதும் நியாயம். நான் கல்லூரியில் கொண்டுவந்த கொடியும் இந்தக் கொடியும் ஒரே இடத்தில் எடுத்தவை அல்ல. ஹாலோடூலில் மட்டும் இடைப்பட்ட நுனி தொட்டியிலும் அப்படியே நின்றது. அதன் இலையைத்தான் உலர்த்தி வைத்திருக்கிறேன்.

உலர்த்துவது, வைப்பது

ஒவ்வொரு செடியிலிருந்தும் இரண்டு பிரதி வேண்டும்: தாளில் ஒட்டியது ஒன்று, டிஎன்ஏவுக்கு ஒன்று.

தாளுக்கு: செடியை நல்ல தண்ணீரில் ஒரு முறை விரைவாக அலசுங்கள். உப்பு தங்கினால் மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, கெட்டித் தாளை அடியில் அமிழ்த்தி, செடியை அதன் மேல் மிதக்கவிட்டு, தூரிகையால் இலைகளைப் பிரித்து, தாளை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். கோலம் போட்டது போல விரிந்து படியும். மேலே பழைய வேட்டித் துணி, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் பாரம். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும், துணியை மட்டும் காயும்வரை உரிக்கக் கூடாது.

டிஎன்ஏவுக்கு: பாசி ஒட்டாத இளம் இலையைத் துடைத்து, மெல்லிய காகிதத்தில் மடித்து, ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் மணிகளோடு ஜிப் பையில் போடுங்கள். இலையைப்போலப் பத்து மடங்கு எடை மணி வேண்டும். ஒரே நாளில் மொறுமொறுப்பாகக் காய வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும். மணி நிறம் மாறினால் புதிது போடுங்கள். வெயிலில் காயவைத்த இலையும் ஃபார்மலினில் போட்ட இலையும் இதற்கு உதவாது.

சீட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், இடம், கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மணலா சேறா, பக்கத்தில் வளர்ந்த மற்ற தாழைகள், பூவோ காயோ இருந்ததா, நாலு அளவுகள், யார் எடுத்தது. செடியைக் கொடுத்த மீன்காரரோ பாசிக்காரரோ அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார், தொட்டுப் பார்த்து என்ன சொன்னார் என்பதையும் அவர் பேச்சிலேயே எழுதுங்கள். தாவரவியல் பெயருக்கு விடும் கோட்டில் பென்சிலால் மட்டும் எழுதி, பக்கத்தில் எழுதிய தேதியும் போடுங்கள். பெயர் மாறும்போது பழையதை அழிக்காமல், கீழே புதியதை அதன் தேதியோடு சேர்த்தால் போதும்.

நல்ல பிரதிகள் சேர்ந்ததும் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகத்துக்கோ, கடற்புல் ஆராயும் பல்கலைக்கழகத் துறைக்கோ கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு அனுப்பலாம். வெளிநாட்டு ஆய்வகம் எதுவும் இலை கேட்டால், சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் தபாலில் போடாதீர்கள். எங்கே அனுப்பினாலும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு தாளும் ஒரு ஜிப் பையும் உங்கள் வீட்டுப் பெட்டியில் மிச்சம் இருக்கட்டும். பெட்டியில் நாப்தலீன் உருண்டை போட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை திறந்து, மணிகளின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.